புதன்கிழமை மட்டும் வேணாம்

அட, அந்த மூலை ரேக் வேணாம்னா சொல்றேன்? கடையில புதுசா சேர்றீங்க, தாராளமா எடுத்துக்கங்கம்மா. நீங்க தைக்கிற குழந்தைச் சட்டைக்கெல்லாம் ஜன்னல் வெளிச்சம் நல்லா விழும். நான் சொல்றது கல்லாவுல உக்கார்ற கிழமைய. திங்கள் கேளுங்க, செவ்வாய் கேளுங்க, ஞாயித்துக்கிழமை கூடக் கேளுங்க. புதன் மட்டும் வேணாம்.

சொல்றேன், உக்காருங்க. ரெண்டு வருஷம் முன்னாடி இந்தக் கடைவீதிய நீங்க பாத்திருக்கணும். ஊருக்கு வெளிய அந்தப் பெரிய கடை வந்ததும் இங்க ஒவ்வொருத்தரா ஷட்டர இறக்கிட்டோம். நடு ரோட்டுல நாய் படுத்துத் தூங்கும், எழுப்பி விட ஒரு வண்டி வராது. அப்புறம்தான் தனித்தனியா மூடுன எட்டுப் பேரும் சேந்து இந்த ஒரு கடையத் தொறந்தோம். எட்டு கடையும் போனப்புறம் வந்த புத்தி. இப்பப் பாருங்க, எதிர்ல டீக்கடை வந்தாச்சு, மருந்துக்கடை வந்தாச்சு, நாய்க்குத்தான் படுக்க எடமில்ல.

தினம் ரெண்டு பேர் உக்காரணும், எல்லார் சரக்கையும் விக்கணும். ஆனா தன் சரக்கத் தானே விக்கக் கூடாது. பின்ன? முதல் மாசம் அவனவன் தன்னோடதயே வர்றவங்க கையில திணிச்சு அடிதடி ஆகிப்போச்சு. அதுலேருந்து இதான் சட்டம். என் செருப்பப் பத்திக் கேட்டா நான் வாயத் தொறக்கக் கூடாது, கூட இருக்கறவங்கதான் சொல்லணும்.

சீட்டுக் குலுக்கிப் போட்டதுல புதன்கிழமைக்கு எனக்கு வாய்ச்சது யாரு தெரியுமா, சோப்புக்காரம்மா. வந்ததும் வராததுமா என் செருப்பையெல்லாம் கலச்சு மறுபடி அடுக்கும். நான் மூக்குக்கண்ணாடியத் தேடுனா, நெத்தியில இருக்குன்னு சொல்லாது, பாத்துக்கிட்டே இருக்கும். டீயில சர்க்கர போட விடாது. நாள் பூரா நச்சரிப்பு. இதுல அதோட சோப்ப வேற நான் புகழணும், நுரை அப்படி, வாசனை இப்படின்னு. எல்லாம் என் தலையெழுத்து.

நான் வந்து உங்களக் காப்பாத்தறேன்னு சிரிக்கிறீங்க. புதன்கிழமதான் உங்க மாமியார் குழந்தையப் பாத்துக்குவாங்க, புரியுது. வேணும்னா வியாழக்கிழம வாங்க, குழந்தைய இங்கயே வெச்சு நான் பாத்துக்கறேன். நெசமாத்தாம்மா சொல்றேன்.

அட, அந்தச் சோப்புக்காரம்மா என் சம்சாரம்தாம்மா. கடை படுத்துப்போன ஆத்திரத்தயெல்லாம் நான் வீட்டுல காட்டுனேன், அவ தங்கச்சி வீட்டுக்குக் கெளம்பிட்டா. ஒன்றரை வருஷமாச்சு. மத்த நாள்ல ஃபோன் பண்ணா எடுக்கறதில்ல. புதன்கிழம மட்டும் யாராச்சும் செருப்பு கேட்டா அவ சொல்லித்தான் ஆகணும், இவர் குடுத்தா உழைக்கும், நம்பி வாங்குங்கன்னு. இருபத்தாறு வருஷத்துல என்னப் பத்தி அவ வாயால ஒரு நல்ல வார்த்த நான் கேட்டதில்ல. நான் மட்டும் என்ன, அவளப் பத்தி சொன்னேனா? இப்பதான் நுரையப் பத்தி சொல்லிக்கிட்டிருக்கேன்.

நாளைக்குக் கூட்டத்துல நீங்க புதன் கேட்டா ஆறு பேர் உங்களுக்குத்தான் கை தூக்குவாங்க, அது தெரியும். அதுக்கெல்லாம் நான் பயப்படல. அவளும் தூக்கிட்டான்னா?