எல்வுட்டின் கட்டைவிரல்

செம்பை வெறும் கையால் தொடக்கூடாது. வெள்ளி பொறுத்துக்கொள்ளும், தங்கம் கண்டுகொள்ளாது. செம்பில் மட்டும் விரலின் வியர்வை இறங்கிவிடும். சில மாதம் கழித்துக் கறுப்பாக மேலே வரும்.

நானும் எல்வுட் ஹேஸ்கெலும் முப்பத்தொரு வருடம் பழைய அமெரிக்கச் செம்பு சென்ட் காசுகளைச் சேர்த்தோம். வெர்மான்ட்டில் எங்கள் ஊரில் வேறு யாருக்கும் அந்தப் பைத்தியம் கிடையாது. 1794இல் அடித்த சென்ட் ஒன்று அவரிடம் இருந்தது. அதில் சுதந்திர தேவியின் கூந்தல் இழை இழையாக, நேற்றுத்தான் அச்சிலிருந்து விழுந்ததுபோல இருக்கும். அவர் மனைவி டோரா திருமண நாளுக்கு வாங்கிக் கொடுத்தது. கிறிஸ்துமஸ் அன்று மட்டும் எனக்குக் காட்டுவார்.

டோரா இறந்த பிறகு எல்வுட்டுக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. மகள் லூயிஸ் ஒஹையோவில் இருந்தாள். நான் தனிக்கட்டை, அவர் வீட்டுக்கே குடிவந்தேன். குளிப்பாட்டினேன், பீன்ஸ் சூடுபண்ணி ஊட்டினேன். இதை யாரும் மறுக்கமாட்டார்கள்.

அந்த ஜனவரியில் அவர் அந்தக் காசை உறையிலிருந்து எடுத்துக் கட்டைவிரலால் தேய்க்கத் தொடங்கினார்.

“எல்வுட், கையுறை போட்டுக்கப்பா.”

“போய்யா. பொண்டாட்டி கன்னத்தைத் தொட எவனாவது கையுறை போடுவானா?”

ஒளித்துவைத்தேன். அழுதார். திருப்பிக் கொடுத்தேன். இரண்டு நூற்றாண்டு தப்பிப் பிழைத்த முகம் என் கண்ணெதிரே மங்கிக்கொண்டிருந்தது.

தினமும் மூன்று மணிக்கு அவருக்கு ஒரு நினைப்பு வரும். “டோரா கொட்டகையில காத்துக்கிட்டிருக்கா. போய்க் கூட்டிட்டு வந்துடறேன்.” தோளைப் பிடித்து உட்காரவைப்பேன். பிப்ரவரி ஒன்பதாம் தேதி உட்காரவைக்கவில்லை. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. “சரி, போயிட்டு வா” என்றேன்.

காசை என் கையில் வைத்தார். “பத்திரமா வெச்சுக்க. அவகிட்ட காட்டணும்.”

மேல்கோட்டு இல்லாமல் போனார். மறுநாள் கொட்டகைச் சுவரோரம் பனியில் கிடந்தார்.

“நீங்க என்ன சார் பண்ண முடியும்? கண்ணசந்த நேரத்துல போயிட்டாரு” என்றார் ஷெரிஃப். லூயிஸ் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். “அப்பாவோட காசெல்லாம் நீங்களே வெச்சுக்குங்க. வேற யாரு அவரை இப்படிப் பார்த்துக்குவாங்க?”

மே மாதம், நான் துடைத்து வைத்திருந்த அந்தக் காசில், கூந்தலுக்குக் குறுக்கே ஒரு கட்டைவிரல் ரேகை எழும்பியது. எண்ணெய் தடவினேன், மென்மையான தூரிகையால் வருடினேன். வாரத்துக்கு வாரம் கறுத்தது. அதன் சுழியைக் கண்ணை மூடிக்கொண்டே வரைந்து காட்டுவேன். உறைக்குள் போட்டு, பெட்டிக்குள் பூட்டினாலும், மூன்று மணியானால் அந்த அறையில் என்னால் உட்கார முடிவதில்லை.

அன்று அவர் கொட்டகையிலிருந்து திரும்பி வந்தாரா என்று கேட்பீர்கள். வந்தார், கால்மணி நேரத்தில். கதவைப் பூட்டியிருந்தேன். தட்டினார்.

“ஏம்ஸ், அங்க டோரா இல்லப்பா. அவ செத்துப்போயிட்டா, இல்ல? குளிருது ஏம்ஸ். தொற.”

பல மாதம் கழித்து அன்றுதான் என் பெயர் அவருக்கு நினைவு வந்திருந்தது. வெகுநேரம் தட்டினார். பிறகு காலடிச் சத்தம் கொட்டகைப் பக்கம் திரும்பிப் போனது.

நான் உள்ளேதான் இருந்தேன். காசைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஈரம் காயுமுன் துடைக்காவிட்டால் தடம் தங்கிவிடும். எல்வுட் புத்தி தெளிவாக இருந்த காலமாக இருந்தால், எழுந்திருக்காதே என்று அவரே சொல்லியிருப்பார்.