தகப்பன் பேர்க் கட்டம்

— மறுபடியும் நீயா? அன்னிக்கே சொன்னேனேய்யா, பொறப்புப் பதிவேட்டுல எழுதினத நான் இஷ்டத்துக்கு அடிக்க முடியாதுன்னு.

— அடிங்கன்னு சொல்லல சார். திருத்துங்கன்னுதான் சொல்றேன். கடலூர் ஓ.டி. துறைமுகத்துல மூட்ட தூக்கறவன் நான். இங்க சிதம்பரத்துக்கு வந்தா அன்னிய வேல போச்சு. இதோட மூணு நாளு.

— பேரு என்ன சொன்ன?

— சடையப்பன். போன தடவயும் சொன்னேன்.

— கோவிச்சுக்காத. தெனம் நாப்பது பேரு வர்றான். ம்… இந்தா இருக்கு. ஆவணி மாசம், ஆண் குழந்தை, தாய் லோகநாயகி, தகப்பன் தட்சிணாமூர்த்தி. பளிச்சுன்னுதான இருக்கு?

— அதான் சார் என் வயித்தெரிச்சல். லோகநாயகி என் பொண்டாட்டி. அந்தத் தட்சிணாமூர்த்தி அவ பொறந்த ஊர்ல மாட்டுவண்டி வச்சிருக்கறவன். வலி கண்டதும் இவள ஏத்தியாந்து இந்த ஊரு ஆசுபத்திரியில உட்டான். அவ்ளோதான்.

— வண்டிக்காரன் பேரு தகப்பன் கட்டத்துல எப்படிய்யா வரும்?

— பொம்பள புருஷன் பேரச் சொல்லுவாளா சார்? உங்க ஊட்ல சொல்றாங்களா? நர்சம்மா கேட்டிருக்கும், இவ வாயத் தொறந்திருக்க மாட்டா. வெளிய நின்னவன் பேர எழுதி அனுப்பிட்டாங்க.

— ஆறு மாசமா தூங்கிக்கிட்டிருந்தியா?

— அப்ப எனக்குப் படிக்கத் தெரியாது சார். பொறவுதான் யூனியன் ஆபீசுல எழுத்து சொல்லிக் குடுத்தாங்க. அரிசி கார்டுல புள்ளையச் சேக்கலாம்னு இந்தக் கடுதாசிய எடுத்து எழுத்துக் கூட்டுனேன். நான் மொத மொதல்ல முழுசாப் படிச்ச பேரு அவன் பேருதான்.

— ம்… கல்யாணம் எப்ப?

— அவன் பொறக்கறதுக்கு முந்துன தையில.

— தை… மாசி… பங்குனி…

— வெரல மடக்காதீங்க சார்! கொறமாசத்துல பொறந்தவன்.

— சரிய்யா, எரிஞ்சு விழாத. வளக்கறவன் நீதான? ஒரு பேருக்கு எதுக்கு இந்த அலைச்சல்?

— அந்த வண்டிக்காரனுக்கு மூணும் பொண்ணு சார். இங்க வந்து நகல் வாங்கிட்டுப் போயி டீக்கடையில காட்டறான். சர்க்காரே எம்புள்ளன்னு எழுதிக் குடுத்திருக்கு, பங்குனிக்குள்ள தூக்கியாந்துருவேங்கறான். நாளைக்குக் கோர்ட்டுல இத நீட்டுனா நான் எங்க போவேன்?

— நீட்டட்டுமே. தாலி கட்டினவன் இருக்கையில சட்டம் அவனத் திரும்பிப் பாக்காது. புருஷன்தான்யா அப்பன்.

— அப்ப எழுதுங்க!

— யோவ், மேசையத் தட்டாத. சட்டம் வேற, ரிஜிஸ்தர் வேற. தப்பா எழுதிட்டாங்கன்னு தாய் வந்து சொல்லணும். அதுக்குத்தான கூட்டியாரச் சொன்னேன்?

— வந்திருக்கா. புள்ளையோட வராண்டாவுல நிக்கிறா. ஏ லோகநாயகி, உள்ள வா.

— வாம்மா. பயப்படாத. நீ புருஷன் பேரெல்லாம் சொல்ல வேணாம். ஆசுபத்திரியில தப்பா எழுதிட்டாங்கன்னு மட்டும் சொல்லி, இங்க ரேகைய வையி.

— வைக்க மாட்டேங்கய்யா.

— ஏய்! என்னடி இது? மூணு நாளா நாயா அலையறேன்…

— நீங்க சும்மா இருங்க. ஐயா, அந்த நர்சம்மா பாவங்க. என் ரேகையால அவுங்க வேலைக்கு எதுனா ஆயிடும். அவுங்க தப்பா எழுதலிங்க.

— அப்புறம்?

— ஒரு பகல், ஒரு ராவு புள்ள எறங்கல. மனசுல பொய்ய வச்சிருந்தா எறங்காது, சொல்லிடுடின்னு பக்கத்துக் கட்டில்காரம்மா சொன்னாங்க. செத்துருவேன்னு பயந்து உள்ளதச் சொல்லிட்டேங்க. சொன்ன கையோட பொறந்துட்டான்.

— அடக் கடவுளே. யோவ் சடையப்பா, உக்காருய்யா. தண்ணி குடி. நான் எதையும் கேக்கல. பேனாவ மூடிடறேன்.

— மூடாதீங்க சார். லோகநாயகி, புள்ளைய எங்கிட்ட குடுத்துட்டு ரேகைய வையி. உங்கப்பாரு எல்லாத்தையும் சொல்லித்தான் உன்னக் குடுத்தாரு.