கறுப்புச் சீட்டில் ஒரு கவிஞர்

— வழிபாட்டுல பேர் வாசிக்க, ஒரு ஆத்மாவுக்கு முப்பது ரூபிள். பேர் சொல்லுங்க.

— முப்பதா? யூதாசுக்குக் கொடுத்த அதே தொகை!

— அவன் வாங்கினது வெள்ளி. நான் கேக்கறது காகிதம். கோயில் மெழுகுவர்த்திக் கடையில பேரம் பேசற ஆளை இன்னிக்குத்தான் பாக்குறேன். சிவப்புச் சீட்டா, கறுப்புச் சீட்டா? உசுரோட இருக்கறவங்களுக்கா, போய்ச் சேர்ந்தவங்களுக்கா?

— சிவப்புதான். க்ளேப்னு எழுதுங்க. நன்றி சொல்ல வந்தேன். மாஸ்கோவுல நெஞ்சைத் திறந்து தைச்சு அனுப்பியிருக்காங்க.

— க்ளேப்பா? ஐயா, மூஞ்சியை மூடியிருக்கற அந்தக் கம்பளித் துணியைக் கொஞ்சம் இறக்குங்க... அட கர்த்தாவே! கவிஞரு!

— ஏம்மா சிலுவை போடுறீங்க? பேய் மாதிரியா இருக்கேன்?

— நீங்க செத்துட்டீங்களே!

— எங்கிட்ட யாரும் சொல்லலையே!

— ரொட்டிக்கடையில சொன்னாங்க, ஆபரேஷன்ல போயிட்டீங்கன்னு. நானும் கறுப்புச் சீட்டுல எழுதி, நாப்பது நாள் வழிபாட்டுக்கும் கட்டிட்டேன். பாதிரியார் இன்னும் தினம் வாசிக்கிறார். உசுரோட இருக்கறவரைப் பொணங்களோட சேர்த்துட்டேனே, பாவி! தெரிஞ்சா இந்தக் கடையில என்னை நிக்க விடுவாரா?

— உங்க காசுலயா கட்டினீங்க? கபித்தோலினா அம்மா, உங்களைத்தானே நான் ‘கடவுளோட கல்லாப்பெட்டி’ன்னு எழுதினேன்?

— ஊரே சிரிச்சுது. என் மருமகன் சாப்பாட்டு மேசை முன்னால நின்னு படிச்சுக் காட்டினான்.

— அப்புறம் ஏன்?

— உங்களுக்கு வேற யாரு கட்டப்போறா? சாமியைக் கிண்டல் பண்ணியே பொழப்பு நடத்தின ஆளு. அந்தப் பக்கம் போய்த் தனியா நின்னா, யாரு கதவைத் திறப்பா?

— எப்போலேருந்து வாசிக்கிறாங்க?

— கிறிஸ்து பிறப்பு நோன்பு தொடங்கின அன்னியிலேருந்து.

— அந்த வாரம்தான்... படுக்கையில கிடந்தேன். இருபது வருஷமா கேலியைத் தவிர வேற எதுவும் எழுதாத கை, ‘ஆண்டவரே’ன்னு ஆரம்பிச்சுது. அதையும் நக்கலா முடிச்சுடலாம்னு பாத்தேன். முடியலை, அழுகை வந்துடுச்சு. நர்ஸ் வலின்னு நினைச்சு ஊசி போட்டுட்டா.

— ஊசி நல்ல ஊசியா இருந்திருக்கும்.

— கேலி என் தொழில்மா. அதையும் நீங்க எடுத்துக்காதீங்க.

— சரி, என்ன எழுதினீங்க? சொல்லுங்க கேப்போம்.

— ‘ஆண்டவரே, தட்டாமல் நுழைந்துவிட்டேன். இடமில்லை என்றால் சொல்லும், பனியில் நிற்கிறேன்.’

— ...இருங்க, கண்ணாடியைத் துடைச்சுக்கறேன். முதல்ல உள்ள போய் அந்தக் கறுப்புச் சீட்டுல பேரை அடிச்சுட்டு வர்றேன்.

— அடிக்காதீங்கம்மா. உங்களைக் கிண்டல் பண்ணினவன் நெசமாவே செத்துட்டான். அவனுக்கு உங்க வழிபாடு வேணும்.

— அப்போ இங்க நிக்கிறது யாரு?

— புது ஆளு. பேரு அதேதான்.

— அப்படியா சேதி! செத்தவருக்கு நான் கட்டியாச்சு, கவிஞரே. உசுரோட இருக்கறவரோட முப்பதுதான் பாக்கி.