அஞ்சாவது குத்தம்

இல்லண்ணே, வரிசை மாறக்கூடாது. ஆட்டோவுல மைக்கு கட்டுறது ஒங்க தொழிலு, வரிசை என் தொழிலு. காளவாசல் சிக்னல் தாண்டுறதுக்குள்ள நாலு குத்தத்தையும் சொல்லிர்றேன், கேட்டுக்கங்க. எங்க கூலிக்காரங்க சங்கத்துல ஒருத்தன வெலக்கணும்னா, மொதல்ல சங்கம் பட்டத வரிசையா வாசிக்கணும். அப்பறம் அவன் செஞ்ச குத்தம். கடைசியாத்தான் பேரு. அஞ்சு சாட்சி எந்திரிச்சு நிக்கணும். பேர வாசிச்சுட்டா அவன் சங்கத்துல கெடையாது. அந்தச் சட்டத்த எழுதுனது நான். காசிமாயன்னு அலங்காநல்லூர்ப் பக்கம் கேட்டுப்பாருங்க, எவன் கதவச் சாத்துவான், எவன் நாக்காலி போடுவான்னு தெரியும்.

ஒண்ணு. பண்ணையாரு பம்புசெட்டுத் தொட்டியில தண்ணி குடிச்சான்னு எங்கப்பன வேப்பமரத்துல கட்டிவச்சு அடிச்சது. ரெண்டு. அறுப்புக் கூலி ஏத்திக் கேட்டதுக்கு என் வலதுகை வெரல உலக்கையால நசுக்குனது. இந்தா பாருங்க, மடங்காது. மூணு. ஊர்வலம் போனதுக்குப் போலீஸு அள்ளிட்டுப் போயி, என் கூட்டாளி முத்திருளன அறைஞ்சு ஒரு காதச் செவிடாக்குனது. நாலு. சாராயக்கடைய மறிச்ச அன்னைக்கு ஒடஞ்ச பாட்டில என் வயித்துக்கு ஓங்குனானுக. குறுக்க விழுந்தவன் அதே முத்திருளன். முதுகுல இருபத்தேழு தையலு.

அஞ்சாவதா? ஆத்துப்பாலம் தாண்டட்டும்ணே.

நாலாவதுக்கு அப்பறம்தான் சங்கத்துல சத்தியம் வச்சோம். சாராயமும் தொடக்கூடாது, புகையிலையும் தொடக்கூடாது. நோட்டீஸு நான் எழுதுனேன். தொண்டையில் புற்று என்றால் வாயில் புகையிலை. ஒத்த வரி, அம்புட்டுத்தான். செவுத்துக்குச் செவுரு ஒட்டுனோம். பள்ளிக்கூடத்துல நான் படிச்சது அஞ்சு. மிச்சமெல்லாம் நோட்டீஸுல படிச்சது. அச்சுல வந்தா பொய் இருக்காதுன்னு நெனைக்கிற ஆளு. நானே எழுதுனதுன்னாலும் நம்புவேன்.

போன வருசம் சித்திரையில முத்திருளன் கழுத்துல ஒரு கட்டி. புளியங்கொட்டை கணக்கா இருந்தது நெல்லிக்கா ஆச்சு. வலிக்கலன்னான். அப்பறம் சோறு முழுங்க முடியல. ஆஸ்பத்திரியில சதை எடுத்துப் பாத்து, டான்சில்ல புத்துன்னு எழுதிக்குடுத்தாக. அந்தச் சீட்ட, பொண்டாட்டிகிட்டக்கூடக் காட்டாம, மொதல்ல என்கிட்டக் கொண்டாந்தான். எம்புட்டு வருசமாடா புகையிலைய ஒளிச்சுவச்சுப் போட்டன்னு கேட்டேன்.

கூட்டத்தக் கூட்டுனேன். நாலையும் வாசிச்சேன். நாலாவதுல அவன் முதுகுத் தையலு வருதுல்ல, அதையும் விடாம வாசிச்சேன். அப்பறம் அவன் பேரு. நான் தொட்டதே இல்ல காசின்னு எந்திரிச்சு வந்தான். வலதுகை மடங்காதுன்னு சொன்னேன்ல. எடதுகையால குத்துனேன். கழுத்துல, அந்தக் கட்டி மேலயே. விழுந்தவன மிதிச்சேன். வாயில ரத்தமும் எச்சியுமா ஒழுகுச்சு. பாருங்கடா புகையிலைச் சாறுன்னு காட்டுனேன். என்னைய எதுத்துப் பேசுற ஆளு சங்கத்துல ஒருத்தன்தான் இருந்தான். அவன் தரையில கெடந்தான்.

ஏன்ணே வண்டிய நிறுத்துறீக. ஓட்டுங்க, இன்னும் இருக்கு.

அவனுக்குக் கரண்டு வைக்கணும்னு, அதான் கதிர்வீச்சு வைத்தியம், சொல்லியிருந்தாக, ஏழு வாரம், தெனமும் போயி வரணும். பஸ் ஏற நெழக்குடைக்கு வரணும்ல. அங்கதான் அவன் பேரு போட்ட நோட்டீஸ ஒட்டிவச்சிருந்தேன். ரெண்டு நாளு துண்டால மூஞ்ச மூடிட்டுப் போனான். மூணாம் நாளு எவனோ காறித் துப்பிட்டான். அதோட போகல. தையில, கஞ்சித்தண்ணி எறங்காமச் செத்தான். எளவுக்கு நான் போகல.

பதினாறு முடிஞ்ச மறுநாளு, அவன் பொண்டாட்டி மலையம்மா என் சட்டையப் புடிச்சு ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போச்சு. இந்தாளுக்குச் சொல்லுங்கன்னு டாக்டரம்மா முன்னால நிறுத்துச்சு. அந்தம்மா அதே சீட்டுல அடியில ஒரு வரியக் காட்டுனாக. இங்கிலீசு. அன்னைக்கே இருந்துருக்கு. நான் புத்துங்கிற வார்த்தையோட நிறுத்திருக்கேன்.

வைரஸாம்ணே. பாப்பிலோமான்னு பேரு, ஆம்பள பொம்பள சேர்க்கையில ஒட்டுமாம். நெறையப் பேருக்கு வந்து, வந்த சுவடு தெரியாமப் போயிருமாம். சிலபேருக்கு டான்சில்லயும் அடிநாக்குலயும் பதுங்கிக்கிரும், பத்து வருசம், இருபது வருசம். ஒடம்புல செல்லுக்குள்ள ஒரு காவக்காரன் இருக்கானாம், கண்டபடி பெருக விடாம மறிக்கிறவன். இந்தக் கிருமி அவன மொதல்ல அடிச்சுப்போடும். அப்பறம் மறிக்க ஆளு ஏது. மூக்குக்குப் பின்னாடி வாற புத்துக்கு வேற ஒரு வைரஸு இருக்காம். புகையிலையும் காரணந்தான், ஆனா அது ஒண்ணுதான்னு ஒங்களுக்கு யாரு சொன்னதுன்னு கேட்டாக. அந்த நோட்டீஸு என் சட்டைப்பையிலதான் இருந்துச்சு. இந்த வகைப் புத்து வைத்தியத்துக்கு நல்லாக் கட்டுப்படுமாம். முழுசாப் பாத்திருந்தா பொழைக்க வாய்ப்பு நெறைய இருந்துச்சுன்னு மெதுவாத்தான் சொன்னாக.

டீக்கடை உக்கிரபாண்டி நான் இதச் சொல்லக் கேட்டுட்டு, அப்ப அது பொம்பள சீக்கான்னு சிரிச்சான். புருசன் பொண்டாட்டிக்குள்ளயே வரும், அதுல ஒழுக்கம் ஒண்ணும் இல்லன்னு டாக்டரம்மா சொல்லிருந்தாக. பாயிலர் மூடியச் சூட்டோட எடுத்து அவன் கன்னத்துல வச்சேன். கேசு நடக்குது, ஜாமீன்ல இருக்கேன். தப்புத்தான். ஆனா அது ஆறாவதா வருமே தவிர, அஞ்சாவதா வராது.

இந்தா, பந்தல் தெரியுதுல்ல, அங்க விடுங்க. சங்கத்து ஆண்டுவிழா. கொடி ஏத்த என்னையத்தான் கூப்பிட்டிருக்கானுக. முன்னால தனியா ஒக்காந்திருக்குல்ல, அதான் மலையம்மா. மைக்கக் குடுங்கண்ணே. சத்தத்தக் கூட்டி வைங்க, நெழக்குடை வரைக்கும் கேக்கணும்.

மாலையக் கீழ வைங்கப்பா. சாட்சி அஞ்சு பேரு எந்திரிங்க. மலையம்மா, நீ மொதச் சாட்சி. ஒண்ணு, பம்புசெட்டுத் தொட்டி. ரெண்டு, உலக்கை. மூணு, முத்திருளன் காது. நாலு, முத்திருளன் முதுகு. அஞ்சு, புகையிலையே தொடாத முத்திருளன, கிருமியில வந்த சீக்குக்காகக் கூட்டத்துல வச்சு அடிச்சு, நோட்டீஸு ஒட்டிக் கொன்னது.

பேரு, காசிமாயன்.