சொதிப் படம்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பிழையும் இருக்கும்; பொறுத்துக்கொள்ளுங்கள். சங்கரன்கோவிலில் ராஜபாளையம் பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் திடீரென்று சொன்னாள்:

"அக்கா, என் சமையல் பிளாக்ல இருக்கிற தேங்காப்பால் சொதி நான் வச்சது இல்ல. நெட்ல எடுத்த படம்."

"அதுக்கென்னட்டி?"

"படத்துக்காரி எழுதியிருக்கா. அடியில அவ பேரைப் போடணுமாம், இல்லன்னா படத்தை எடுக்கணுமாம்."

"பேரைப் போட்டுட்டுப் போயேன்."

"நான் வச்சதுன்னுல்லா எழுதிவச்சிருக்கேன்! அதை நம்பித்தான் நாத்தனா, மக மறுவீட்டுக்கு என்னையே சொதி வைக்கச் சொல்லுதா."

"அப்பம் நீ வச்சதைப் படம் எடுத்துப் போடு."

"நான் வச்சப்பம் தேங்காப்பால் திரிஞ்சுபோச்சுக்கா. அந்தப் படமும் போன்லதான் கெடக்கு."

"அதையே போடு. அதை ஒருத்தரும் களவாங்க மாட்டாங்க."

கரிவலம் நிறுத்தம் வருவதற்குள் இளையவள் போனிலேயே படத்தை மாற்றிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. "சரி, சரி" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

"யாருட்டி?"

"நாத்தனா. சொதியைச் சமையக்காரரே வைக்கட்டுமாம். நான் வந்து சாப்பிட்டாப் போதுமாம்."

"பொழச்சாங்க."

இதை எழுதி முடித்தது ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மறுநாள்.