ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மலை

“அண்ணை, நேற்று நான் ரெண்டு மலையைக் குடிச்சனான்.”

ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரையால் போகும் பேருந்தில், முன் இருக்கையில் இரண்டு யாழ்ப்பாணத்துக்காரர்கள். சொன்னவர் இளையவர். அவருடைய விரல்களில் திராட்சைக் கறை.

“என்ன தம்பி, விசர்க்கதை கதைக்கிறாய்?”

“பழம் பிடுங்கி முடிய, தோட்டக்காரக் கிழவர் ரெண்டு கிளாசில வைன் தந்தவர். ஒரே வகைப் பழம், ஒரே வருசம். ஆனா ஒண்டு இந்தக் கரை மலை, மற்றது அந்தக் கரை. இஞ்சத்தையது மழையில நனைஞ்ச கல்லு மாதிரி மணக்குது. அங்கத்தையது மிளகு மாதிரி உறைக்குது. அங்க மண் சிவப்பாம்.”

“மண்ணும் வைனில தெரியுமோ?”

“ஓம் அண்ணை. நானும் முதல் நம்பேல்லை.”

“அப்ப ஒருக்கா அங்க போய்ப் பாத்திட்டு வாவன். உந்தா பாலம்.”

“ஏலாது. பாலத்துக்கு அங்கால வேற மாவட்டம். என்ர அகதி அசூல் கேஸ் முடியுமட்டும் தாண்ட விடமாட்டாங்கள்.”

“உதைக் கிழவருக்குச் சொன்னனியோ?”

“சொன்னனான். அந்தக் கரைப் போத்தலை எடுத்து என்ர கிளாசை நிரப்பிவிட்டவர்.”