ஒரு மாத்திரைகூட வீணாப் போகலை

ஐயோ, என்ன டாக்டரம்மா, இப்படிப் பொசுக்குன்னு சொல்லிட்டீங்க! சக்கரை இறங்கலைன்னு ஆராய்ச்சியில இருந்து என் பொண்ணை எடுத்துட்டா அப்புறம் இந்த மருந்துக்கு நான் எங்க போவேன்? கடையில விக்கிற மருந்தா இது? சக்கரை வியாதி உள்ள பசங்களுக்கு ஒத்துக்குதான்னு நீங்களே இன்னும் குடுத்துப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க.

என்னது, மாத்திரையைத் தூக்கிப் போட்டுடறாளாவா? நல்லாக் கேட்டீங்க போங்க. நான் சோப்புக் கம்பெனியில பேக்கிங் சரிபாக்கறவ. பெட்டியில ஒரு சோப்பு குறைஞ்சாலும் தூக்கிப் பாத்தே சொல்லிடுவேன். என் வீட்டுல மாத்திரை தொலையுமா? ஏழு மணிக்கு அலாரம். ஏழு அஞ்சுக்கு மாத்திரை. உடனே உங்க நோட்டுல டிக்கு. காலி அட்டையெல்லாம் கொண்டாந்திருக்கேன், வேணும்னா எண்ணிக்குங்க. சத்தியமா ஒண்ணுகூடக் குப்பைக்குப் போகலை.

வாயைக் கட்டறாளான்னா? அதை ஏன் கேக்கறீங்க. பதினாலு வயசுப் பொண்ணு, கூட்டாளிங்க பிறந்தநாள் கேக்கை நீட்டினா வயித்துவலின்னு பொய் சொல்லிட்டு வந்துடறா. அவளை மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க, எனக்குத் தாங்காது. அவளுக்குப் பழைய மாத்திரையே போதும்னு நீங்கதானே ஒரு தடவை சொன்னீங்க? சரி, ஓரளவுக்குத்தான் போதும்னீங்க. அதேதான்.

கையெழுத்து வாங்கினப்ப எல்லாத்தையும் விளக்கினீங்க, இல்லைங்கலை. நாப்பது பக்கம்! புரிஞ்சுதா, புரிஞ்சுதான்னு பத்து தடவை கேட்டீங்க. நல்லாவே புரிஞ்சுது. பத்து வயசுக்குக் கீழ சேக்க மாட்டோம்னு இருந்ததும் புரிஞ்சுது. என் சின்னவனுக்கு ஒன்பதுதான். அவனுக்கும் இதே வியாதி, பழைய மருந்துக்கு மசியவே இல்லை. முந்நூறு காட்டுது, இவனையும் சேத்துக்குங்கன்னு கெஞ்சினேன். அடுத்த வருஷம் பாக்கலாம்னீங்க. சக்கரைக்கு நாள்காட்டி பாக்கத் தெரியுமா டாக்டரம்மா, அது வரைக்கும் பொறுமையா இருக்க?

அட, இருங்க, எழுதாதீங்க. பேனாவைக் கொஞ்சம் கீழ வையுங்க. மருந்து வேலை செய்யலைன்னு மட்டும் எழுதிடாதீங்க, அது பொய்யாப் போயிடும். பிரமாதமா வேலை செய்யுது. காலையில நீங்க குடுத்த மெஷின்லதான் பாத்தேன். சின்னவனுக்கு நூத்தி முப்பதுக்கு வந்திடுச்சு.